சர்வர் லாக் கோப்புகளைச் சுழற்றுவதும் காப்பகத்தில் சேர்ப்பதும்: முழுமையான வழிகாட்டி

டிஸ்க் நூறு சதவீதம் நிரம்பி, தரவுத்தளம் எழுத இடமில்லாமல் நின்றுபோயிருந்தது. அந்த நேரத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். இருப்பதிலேயே பெரிய லாக் கோப்பைத் தேடிப் பிடித்து, 40 ஜிபி இருந்ததை ஆர்எம் கட்டளையால் அழித்தேன். கோப்பு மறைந்துவிட்டது. டிஸ்க் மட்டும் அதே நூறிலேயே நின்றது. கட்டளை பொய் சொல்கிறதோ என்று மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். பொய் இல்லை, எனக்குத்தான் விஷயம் தெரியவில்லை.

அந்த விஷயம் புரிந்தால் லாக் சுழற்சியில், அதாவது சர்வர் தன் நிகழ்வுகளை எழுதிக்கொண்டே போகும் லாக் கோப்பை அவ்வப்போது ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்குவதில், பாதி வேலை முடிந்த மாதிரி. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். கட்டளைகள், அமைப்புச் சொற்கள், பாதைகள் எல்லாவற்றையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். சர்வரில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

பெயர் வேறு, கோப்பு வேறு

லினக்ஸில் கோப்பின் பெயர் என்பது கோப்புறையில் ஒட்டி வைத்த சீட்டு மட்டும்தான். உண்மையான கோப்பு ஐநோட் என்ற எண்ணின் கீழ் இருக்கிறது. ஒரு ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், கோப்பைத் திறந்துவிட்டால், அதன் பிறகு பெயரைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஐநோட்டைப் பிடித்துக்கொண்டு எழுதிக்கொண்டே போகும். நீங்கள் பெயரை மாற்றினாலும் அது பழையபடி அதே கோப்பில்தான் எழுதும். நீங்கள் அழித்தால் சீட்டு மட்டும் கிழியும். ப்ராசஸ் பிடியை விடும்வரை டிஸ்கில் இடம் திரும்பி வராது.

இப்படி அழிந்தும் அழியாமல் தொங்கும் கோப்புகளைப் பார்க்க, எல்எஸ்ஓஎஃப் கட்டளையை +எல்1 (பெரிய எழுத்து எல்) என்ற விருப்பத்தோடு ஓட்டுங்கள். எந்த ப்ராசஸ் பிடித்திருக்கிறது என்று காட்டும். அதை மறுதொடக்கம் செய்தாலோ, லாக்கை மறுபடி திறக்கச் சொன்னாலோ இடம் உடனே கிடைத்துவிடும். அவசரத்தில் இடம் வேண்டுமென்றால் கோப்பை அழிக்காதீர்கள். ட்ரங்கேட் கட்டளையில் -எஸ் 0 கொடுத்து அளவைச் சுழியமாக்குங்கள். உள்ளே இருந்தது போய்விடும், ஆனால் சர்வர் மூச்சு விடும்.

கை வைப்பதற்கு முன் அளந்து பாருங்கள்

/வார்/லாக் கோப்புறையில் டியூ -எஸ்எச் * ஓட்டி எது எவ்வளவு தின்கிறது என்று பாருங்கள். டிஎஃப் -எச் டிஸ்கின் நிலையைச் சொல்லும். டிஎஃப் -ஐ கட்டளையையும் மறக்க வேண்டாம்: சின்னச் சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் இடம் மீதியிருக்கும்போதே ஐநோட் தீர்ந்து, இடமில்லை என்ற அதே பிழை வரும்.

அப்புறம் ஒவ்வொரு லாக்கும் ஒரு நாளைக்கு எவ்வளவு வளர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் பார்த்தால் போதும். வழக்கமான நாளை விட, பிழை மழை பொழியும் நாளின் அளவுதான் முக்கியம். ஒரு செயலி தரவுத்தளத்தோடு இணைய முடியாமல் விநாடிக்கு நூறு முறை புலம்பினால், ஒரு மாதத்து லாக் ஒரே இரவில் சேர்ந்துவிடும்.

எவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டும் என்பதைத் தொழில்நுட்பத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. உங்களுக்கு என்ன விதி பொருந்துகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உதாரணமாக, கார்டு பணப்பரிவர்த்தனைக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரநிலை, தணிக்கை லாகுகளைக் குறைந்தது 12 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. அதில் கடைசி 3 மாதத்தவை உடனே எடுத்துப் பார்க்கும் நிலையில் இருக்க வேண்டும். இந்த 3, 12 என்ற பிரிவினை மற்றவர்களுக்கும் நல்ல மாதிரி: அண்மையில் வந்தது கைக்கெட்டும் தூரத்தில், பழையது காப்பகத்தில்.

லாக்ரொட்டேட் அமைப்பை எழுதுவது

லினக்ஸில் இந்த வேலைக்கு லாக்ரொட்டேட் இருக்கிறது. சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதிச் சுழற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் எழுதியிருக்கிறேன். வேண்டாம், விட்டுவிடுங்கள். பொது அமைப்பு /ஈடிசி/லாக்ரொட்டேட்.கான்ஃப் கோப்பில் இருக்கும். உங்கள் செயலிக்கு உரியதை /ஈடிசி/லாக்ரொட்டேட்.டி கோப்புறையில் தனிக் கோப்பாக வையுங்கள். மைஆப் என்று ஒரு செயலி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

/வார்/லாக்/மைஆப்/*.லாக் {
  டெய்லி
  ரொட்டேட் 14
  மிஸ்ஸிங்ஓகே
  நாட்இஃப்எம்ப்டி
  டேட்எக்ஸ்ட்
  கம்ப்ரெஸ்
  டிலேகம்ப்ரெஸ்
  கிரியேட் 0640 மைஆப் ஏடிஎம்
  ஷேர்ட்ஸ்கிரிப்ட்ஸ்
  போஸ்ட்ரொட்டேட்
    கில் -யூஎஸ்ஆர்1 $(கேட் /ரன்/மைஆப்.பிஐடி)
  எண்ட்ஸ்கிரிப்ட்
}

முதல் வரியிலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. நட்சத்திரக் குறியோடு .லாக் என்ற முடிவையும் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். வெறும் நட்சத்திரம் மட்டும் போட்டால், ஏற்கெனவே சுழற்றிச் சுருக்கிய கோப்புகளும் அந்த வலையில் விழும். நாளுக்கு நாள் வால் நீண்டுகொண்டே போகும், கோப்புறை குப்பையாகும்.

டெய்லி, ரொட்டேட் 14: நாளுக்கு ஒரு முறை, பதினான்கு பழைய பிரதிகள். மிஸ்ஸிங்ஓகே என்றால் கோப்பு இல்லாவிட்டாலும் புகார் வேண்டாம். நாட்இஃப்எம்ப்டி என்றால் காலியாக இருந்தால் சுழற்ற வேண்டாம். டேட்எக்ஸ்ட் பழைய கோப்பின் பெயரில் தேதியைச் சேர்க்கும். இது இல்லாவிட்டால் 1, 2, 3 என்று எண் போட்டு, தினமும் எல்லாவற்றையும் ஒரு படி நகர்த்தும். நேற்று 3 ஆக இருந்தது இன்று 4. காப்பகத்துக்கு அனுப்பப் போகிறோம் என்றால் பெயர் நிலையாக இருக்க வேண்டும், அதனால் எனக்கு டேட்எக்ஸ்ட் இல்லாமல் ஆகாது. தேதி வடிவத்தை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நடுவில் மாற்றினால் பழைய வடிவில் இருக்கும் கோப்புகளை லாக்ரொட்டேட் தன்னுடையது என்று அடையாளம் காணாது. அவை அழியாமல் அப்படியே கிடக்கும்.

டிலேகம்ப்ரெஸ் ஏன்? பெயர் மாற்றிய பிறகும் ப்ராசஸ் கொஞ்ச நேரம் பழைய கோப்பில் எழுதலாம் என்று பார்த்தோமே, அதற்குத்தான். சுருக்குவதை அடுத்த சுழற்சிக்குத் தள்ளிவைக்கிறது.

அளவை வைத்துச் சுழற்ற மூன்று சொற்கள் இருக்கின்றன. மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. சைஸ் என்றால் அளவு மட்டுமே கணக்கு, நாள் கணக்கு இல்லை. மின்சைஸ் என்றால் நாளும் வந்திருக்க வேண்டும், அளவும் எட்டியிருக்க வேண்டும். மேக்ஸ்சைஸ் என்றால் நாள் வந்தால் சுழற்று, அதற்கு முன்பே அளவு தாண்டினாலும் சுழற்று. பெரும்பாலும் உங்களுக்கு வேண்டியது இந்தக் கடைசிதான். ஆனால் லாக்ரொட்டேட் எந்நேரமும் காவல் காக்கும் நிரல் அல்ல. கூப்பிடும்போது வந்து பார்த்துவிட்டுப் போகும். நாளுக்கு ஒரு முறைதான் ஓடுகிறது என்றால் மேக்ஸ்சைஸ் 500எம் என்று எழுதி வைத்தும் பயனில்லை, மணிக்கு ஒரு முறையாவது ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டினால் ஒரே நாளில் இரண்டு முறை சுழற்ற நேரலாம். அதே தேதியில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் இரண்டாவது சுழற்சியைச் செய்யாமல் விட்டுவிடும். அதனால் டேட்ஃபார்மட் என்று ஒரு வரி எழுதி, தேதி வடிவத்தில் மணியையும் சேர்த்துவிடுங்கள்.

சிக்னலா, காப்பிட்ரங்கேட்டா?

போஸ்ட்ரொட்டேட் பகுதிதான் இந்த அமைப்பின் உயிர். பெயர் மாற்றியாகிவிட்டது, இனிப் பழைய பிடியை விட்டுப் புதிய கோப்பைத் திற என்று ப்ராசஸிடம் சொல்லும் இடம் இது. ப்ராசஸுக்கு அனுப்பும் சிறு அறிவிப்புதான் சிக்னல். என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் யூஎஸ்ஆர்1 சிக்னலைக் கேட்டால் லாகுகளை மறுபடி திறக்கும். ஆர்சிஸ்லாக் எச்யூபி சிக்னலைக் கேட்டால் திறக்கும். அப்பாச்சிக்கு மென்மையான மறுதொடக்கம், அதாவது கிரேஸ்ஃபுல், போதும்.

உங்கள் சொந்தச் செயலிக்கு இதே வரியை நகல் எடுத்து ஒட்டுவதற்கு முன் ஒரு நிமிடம். யூஎஸ்ஆர்1, எச்யூபி இரண்டுக்கும் இயல்பான விளைவு ப்ராசஸைக் கொல்வதுதான். அந்த சிக்னலைக் கையாளும் நிரல் செயலிக்குள் எழுதப்படாமல் இருந்தால், நள்ளிரவில் லாக் சுழலும், செயலியும் சேர்ந்து விழும். எழுதியவரிடம் கேளுங்கள், இல்லையென்றால் சோதனை சர்வரில் அனுப்பிப் பாருங்கள்.

சிக்னலே புரியாத செயலி என்றால் காப்பிட்ரங்கேட் இருக்கிறது. கோப்பை நகல் எடுத்துவிட்டு, மூலக் கோப்பை அதே இடத்தில் வைத்துக் காலியாக்கும். ஐநோட் மாறாததால் ப்ராசஸுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நகல் முடிவதற்கும் காலியாக்குவதற்கும் இடையில் எழுதப்பட்ட வரிகள் காற்றோடு போய்விடும். நகல் எடுக்கும் நேரத்தில் இரட்டிப்பு இடமும் வேண்டும். நிரம்பப்போகிற டிஸ்கில் இது தமாஷ் இல்லை. இன்னொன்று, செயலி கோப்பை இறுதியில் சேர்க்கும் முறையில் திறக்காமல் இருந்தால், காலியாக்கிய பிறகும் தன் பழைய இடத்திலிருந்தே எழுதும். கோப்பின் தொடக்கம் முழுக்கச் சுழிய பைட்டுகளால் நிரம்பித் தெரியும். அதனால் காப்பிட்ரங்கேட் எனக்கு வேறு வழியில்லாதபோது மட்டும்தான். புதிய கோப்பை உருவாக்கும் கிரியேட் வரி அதோடு வேலை செய்யாது, எடுத்துவிடலாம்.

ஓட்டிப் பார்ப்பது

லாக்ரொட்டேட் -டி (டீபக் என்பதன் டி) கொடுத்தால் என்ன செய்யும் என்று மட்டும் சொல்லும், எதையும் தொடாது. அது சரியாக இருந்தால் -வி -எஃப் கொடுத்துக் கட்டாயமாக ஒரு முறை சுழற்றுங்கள். பிறகு புதிய கோப்பில் வரிகள் வருகின்றனவா என்று டெயில் -எஃப் வைத்துப் பாருங்கள். பழைய கோப்பின் அளவு இன்னும் ஏறுகிறது என்றால் சிக்னல் போய்ச் சேரவில்லை.

புதிதாக எழுதிய அமைப்பு முதல் நாள் சுழற்றவில்லையே என்று குழம்ப வேண்டாம். முதல் முறை பார்க்கும் லாக்கை ஸ்டேட் கோப்பில் தேதியோடு குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். நாள் கணக்கு அங்கிருந்து தொடங்கும். பெற்றோர் கோப்புறையின் அனுமதி பாதுகாப்பாக இல்லை என்று சொல்லித் தவிர்த்தால், எஸ்யூ வரியில் பயனர் பெயரையும் குழுவின் பெயரையும் கொடுங்கள். அமைப்புக் கோப்பையே கண்டுகொள்ளவில்லை என்றால் அதன் அனுமதியைப் பாருங்கள். குழுவோ மற்றவர்களோ அதில் எழுதலாம் என்றிருந்தால் ஒதுக்கிவிடும்.

நேரம் குறிப்பது

பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் லாக்ரொட்டேட் நாள்தோறும் ஓட ஏற்கெனவே ஏற்பாடு இருக்கும். ஒன்று க்ரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் நிரல்) பார்க்கும் /ஈடிசி/க்ரான்.டெய்லி கோப்புறையில், இல்லையென்றால் சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளை நடத்தும் நிரல்) டைமராக. சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ் ஓட்டினால் அடுத்து எப்போது என்று தெரியும். ஒரே லாக்கை இரண்டு அமைப்புகள் சுழற்றும் நிலை மட்டும் வரக் கூடாது. மணிக்கு ஒரு முறை ஓட்டத் தனி அமைப்பு வைக்கிறீர்கள் என்றால் அதை லாக்ரொட்டேட்.டி கோப்புறைக்கு வெளியே வையுங்கள், -எஸ் கொடுத்துத் தனி ஸ்டேட் கோப்பும் கொடுங்கள்.

காப்பக ஸ்கிரிப்ட் உங்களுடையது, அதற்கு நேரம் நீங்கள்தான் குறிக்க வேண்டும். க்ரானில் ஐந்து இடங்கள்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. இப்படி:

17 2 * * * ஃப்ளாக் -என் /ரன்/லாக்-காப்பகம்.லாக் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/லாக்-காப்பகம்

ஏன் 2 மணி 17 நிமிடம்? நள்ளிரவு சரியாகப் பன்னிரண்டுக்கு உலகத்தில் உள்ள எல்லா வேலைகளையும் வைத்திருப்பார்கள்; கூட்டத்தில் போய் நிற்க வேண்டாம் என்றுதான். ஃப்ளாக் -என் இருப்பதால் நேற்றைய ஓட்டம் இன்னும் முடியாமல் இருந்தால் இன்றையது தொடங்காமல் விலகிவிடும்.

க்ரானில் எல்லோரும் ஒரு முறையாவது விழும் குழிகள் மூன்று. சதவீதக் குறியை அது புதிய வரியாக எடுத்துக்கொள்ளும், தேதி வடிவம் எழுதும்போது முன்னால் பின்சாய்வு போட வேண்டும். கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் என்ற மாறி அங்கே மிகச் சுருக்கமாக இருக்கும்; கையால் ஓட்டும்போது ஓடியது க்ரானில் ஓடாது, முழுப் பாதை கொடுங்கள். மூன்றாவது டெபியன் வகைகளில்: க்ரான்.டெய்லி கோப்புறையில் வைக்கும் ஸ்கிரிப்டின் பெயரில் புள்ளி இருந்தால் அது ஓடவே ஓடாது, பிழையும் வராது. .எஸ்எச் என்ற வாலால் மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த ஸ்கிரிப்டைப் பார்த்திருக்கிறேன்.

சர்வரின் கடிகாரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால் நல்லது. கோடை நேர மாற்றம் உள்ள மண்டலங்களில் ஆண்டுக்கு ஒரு இரவு ஒரு மணி நேரம் காணாமல் போகும், இன்னொரு இரவு இரண்டு முறை வரும். அணைந்து எழும் இயந்திரம் என்றால் சிஸ்டம்டி டைமரில் பெர்சிஸ்டன்ட்=ட்ரூ போடுங்கள், தவறிய ஓட்டம் எழுந்ததும் நடக்கும்.

காப்பகம்

சுழற்சிதான் காப்பகம் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. சுழற்சி என்பது அழிப்பதற்கான கால அட்டவணை. ரொட்டேட் 14 என்றால் பதினைந்தாவது பிரதி வரும்போது மிகப் பழையது போய்விடும், காப்பகத்துக்குப் போனதா என்று அது கேட்காது. ஆகவே அந்த எண் உங்கள் காப்பக வேலைக்கான கெடு. நாள்தோறும் சுழலும் லாக்கை ஏழாம் நாள் காப்பகத்துக்கு அனுப்புகிறீர்கள், ரொட்டேட் 14 இருக்கிறது என்றால், காப்பகம் பழுதானதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு வாரம் இருக்கிறது. நீண்ட விடுமுறை வந்தால் ஒரு வாரம் போதாது. நான் 30 வைப்பேன். மேக்ஸ்சைஸும் இருந்தால் கணக்கு மாறும்: லாக் வேகமாகப் பெருகும் நாளில் பதினான்கு பிரதிகள் பதினான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிடலாம்.

ஸ்கிரிப்டின் போக்கு இப்படி இருக்கட்டும். தொடக்கத்தில் செட் -ஈயூஓ பைப்ஃபெயில்: எங்கே தவறினாலும் அங்கேயே நில். அடுத்து, காப்பக டிஸ்க் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று மவுண்ட்பாயிண்ட் -க்யூ கொண்டு பாருங்கள். இதை விட்டால், இணையாத நாளில் ஸ்கிரிப்ட் அந்தப் பெயருள்ள வெறும் கோப்புறையில், அதே சர்வரின் அதே டிஸ்கில், சமர்த்தாக நகல் எடுத்து வைத்துவிட்டு வெற்றி என்று சொல்லும்.

பிறகு கோப்புகளைத் தேர்ந்தெடுப்பது. ஃபைண்ட் கட்டளையில் -எம்டைம் +7 என்றால் முழுதாக எட்டு நாள் கடந்தவை என்று பொருள், ஏழு அல்ல. மிச்ச மணிநேரத்தைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிடும். முதலில் -பிரிண்ட் வைத்துப் பட்டியலைக் கண்ணால் பாருங்கள். -டிலீட் சேர்ப்பதாக இருந்தால் எல்லா நிபந்தனைகளுக்கும் கடைசியில்தான். முன்னால் வைத்தால் நிபந்தனையைப் பார்க்காமலே அழித்துக்கொண்டு போகும்.

காப்பகத்தில் சர்வர் பெயர், ஆண்டு, மாதம் என்று கோப்புறை அமையுங்கள். சர்வர் பெயர் கட்டாயம்: இரண்டு சர்வர்களிலிருந்து ஒரே தேதி, ஒரே பெயரில் வரும் லாகுகளில் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறிவிடும். நகலுக்கு ஆர்சிங்க் நல்லது, தற்காலிகப் பெயரில் எழுதி முடித்த பிறகே உண்மைப் பெயருக்கு மாற்றும், பாதி நகல் முழுசு போலத் தெரியாது. அனுப்புவதற்கு முன் ஷா256சம் (கோப்பின் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு, போய்ச் சேர்ந்த இடத்தில் -சி கொடுத்துச் சரிபாருங்கள். ஜீசிப் -டி (டெஸ்ட் என்பதன் டி, டிகம்ப்ரெஸ் அல்ல) ஓட்டினால் சுருக்கிய கோப்பு பழுதில்லாமல் திறக்கிறதா என்றும் தெரியும். இரண்டும் தேறிய பிறகே மூலத்தில் கை வையுங்கள். மூலத்தை அழிக்காமல் லாக்ரொட்டேட்டிடமே விட்டுவிடுவது இன்னும் நிம்மதி.

சுருக்குவதில் ஜீசிப் எங்கும் இருக்கிறது, அதுவே போதும். எக்ஸ்இசட் இன்னும் சின்னதாக்கும், ஆனால் சிபியுவை வாட்டும். இசட்எஸ்டிடி வேகமும் அளவும் சேர்ந்த நல்ல தேர்வு. எதுவானாலும் நைஸ், ஐஓநைஸ் இரண்டையும் முன்னால் போட்டு ஓட்டுங்கள், செயலிக்கு வழிவிடும்.

பாதுகாப்பும் இதில் சேர்ந்ததுதான். லாகுகளில் ஐபி முகவரி, பயனர் பெயர், சில நேரம் யாரோ அசட்டையாக எழுதிவிட்ட கடவுச்சொல்கூட இருக்கும். குறியாக்கம் செய்து வையுங்கள், சாவியைக் காப்பகத்தோடு வைக்காதீர்கள். முடிந்தால் சர்வர் தள்ளுவதற்குப் பதில் காப்பக இயந்திரம் வந்து இழுத்துக்கொள்ளட்டும். சர்வருக்குள் புகுந்தவன் முதலில் தடயத்தைத்தான் அழிப்பான். காப்பகத்தில் எழுதும் உரிமை சர்வரிடம் இல்லாவிட்டால் அங்கே அவனால் கை வைக்க முடியாது. காப்பகத்திலும் ஒரு நாள் அழிக்க வேண்டும். விதி சொன்ன காலம் முடிந்த பிறகும் தனிநபர் தகவலைச் சேர்த்து வைத்திருப்பதும் தவறுதான்.

லாக்ரொட்டேட் கண்ணில் படாதவை

சிஸ்டம்டி தானே வைத்துக்கொள்ளும் ஜர்னல் என்ற லாக்கை லாக்ரொட்டேட் தொடாது. அதற்கு ஜர்னல்டி.கான்ஃப் கோப்பில் சிஸ்டம்மேக்ஸ்யூஸ் என்று உச்சவரம்பு வைக்கலாம். ஒன்றும் வைக்காவிட்டால் கோப்பு முறைமையின் 10 சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபி. உடனடியாகக் குறைக்க ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-டைம் இருக்கிறது. அது நடப்புக் கோப்பைத் தொடாது, அதனால் --ரொட்டேட் சேர்த்துக் கொடுங்கள்.

செயலிகளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரின் இயல்பான ஜேசன்-ஃபைல் லாகுக்கு வரம்பே கிடையாது. மேக்ஸ்-சைஸ், மேக்ஸ்-ஃபைல் இரண்டையும் டீமன்.ஜேசன் கோப்பில் எழுத வேண்டும். எழுதிய பிறகு உருவாக்கும் கன்டெய்னர்களுக்கே அது செல்லும்; பழையவற்றை மறுபடி உருவாக்கித்தான் தீர வேண்டும்.

விண்டோஸில் ஐஐஎஸ் வெப் சர்வர் நாளுக்கொரு கோப்பாகத் தானே பிரித்துக்கொள்ளும், ஆனால் பழையதை ஒருபோதும் அழிக்காது. பவர்ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை டாஸ்க் ஷெட்யூலரில் வைத்துவிடுங்கள். பயனர் உள்நுழையாவிட்டாலும் ஓடும்படி தேர்வு செய்யுங்கள். எழுத்து போட்டு இணைத்த நெட்வொர்க் டிரைவ்கள் அந்த ஓட்டத்துக்குத் தெரியாது, இரட்டைப் பின்சாய்வில் தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையைக் கொடுங்கள். நாள் மாற்றம் இயல்பாக யூடிசி கணக்கில் நடக்கும், பிழை தேடும்போது அது நினைவில் இருக்கட்டும்.

ஓடுகிறதா என்று யார் பார்ப்பது?

தவறினால் மின்னஞ்சல் வரும் என்று நம்பியிருந்தால், ஸ்கிரிப்ட் ஓடவே இல்லாதபோது மின்னஞ்சலும் வராது. அதனால் தலைகீழாக வையுங்கள்: வெற்றியாக முடிந்ததும் ஸ்கிரிப்ட் ஒரு கோப்பின் நேரத்தை டச் கட்டளையால் புதுப்பிக்கட்டும். அந்த நேரம் 26 மணிக்கு மேல் பழையதானால் கண்காணிப்பு கூவட்டும். ஒரு நாளோடு இரண்டு மணி கூடுதல், தாமதமாக முடியும் நாளில் வீணாக எழுப்பாமல் இருக்க. அந்தக் கண்காணிப்பு இன்னொரு இயந்திரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. டிஸ்க் 80 சதவீதம் தாண்டினாலும் சொல்லட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, காப்பகத்திலிருந்து ஏதாவது ஒரு பழைய நாளைத் தேர்ந்தெடுத்து, அன்று ஒரு குறிப்பிட்ட ஐபியிலிருந்து வந்த கோரிக்கைகளை, சுருக்கிய கோப்பிலேயே தேடும் ஜீகிரெப் கொண்டு தேடி எடுங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். முதல் முறை எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. தேடியது ஒரு நிமிடம்தான். மீதி முழுக்க, குறியாக்கச் சாவியை எங்கே வைத்தேன் என்று யோசித்த நேரம்.